தாத்தா கப்பலேறிய பட்டணத்தில் மகளின் படிப்பு

என் தாத்தா 1927ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது பதினேழு. வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆட்களில் அவரும் ஒருவர். ஆவடி முகாமில் சில நாள் வைத்திருந்தார்களாம். அம்மைப்பால் குத்தினார்களாம். பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் கடல். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் மறுபடியும் நோய்த்தடுப்புக் காவல். "எங்கே கொண்டு போறாங்கன்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் நானும் என் மூத்த மகளும் கோலாலம்பூரில் விமானம் ஏறி நான்கு மணி நேரத்தில் சென்னையில் இறங்கினோம். அவள் பொறியியல் படிக்க வந்தாள். நான் சேர்த்துவிட்டு வர வந்தேன். அந்த மூன்று வாரத்தில் கண்டதையும், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நாங்கள் பட்டதையும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பிள்ளையை இந்தியாவுக்கோ வேறு தேசத்துக்கோ படிக்க அனுப்பும் எண்ணம் இப்போது தோட்டத்து வீடுகளிலும் இருக்கிறது. எண்ணம் இருக்கிற வீட்டுக்கு இது உதவக்கூடும்.

விமான நிலையத்தில் இரண்டு வரிசை. ஒன்று இந்தியக் குடிமக்களுக்கு, மற்றது வெளிநாட்டாருக்கு. எங்கு பார்த்தாலும் தமிழ் எழுத்து, தமிழ் முகம். என் கால் தானாக முதல் வரிசைக்குப் போய்விட்டது. சீருடை போட்ட இளைஞர் ஒருவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க ஃபாரினர். அந்தப் பக்கம் வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் மனம் ஒரு கணம் சுருக்கென்றது. என் மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, நாம வெள்ளைக்காரன் வரிசை" என்றாள். எங்களுக்கு முன்னால் நிஜமாகவே இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள்.

இந்தியா 'நம்ம ஊர்தானே' என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த முதல் பிழை. ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போவதென்றால் நூறு பேரிடம் கேட்டிருப்போம். இந்தியா என்றதும் கேட்கத் தோன்றவில்லை. பேச்சு ஒன்று, சாமி ஒன்று, சாப்பாடு ஒன்று, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

மகள் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல புள்ளி எடுத்த சமயம். நாங்கள் இருப்பது பேராவில் சுங்கை சிப்புட் பக்கம். நான் தோட்டத்து லோரி ஓட்டுகிறேன். என் மனைவி முன்பு பால் மரம் வெட்டினாள். இப்போது செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். அந்த நேரத்தில் பட்டணத்திலிருந்து ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பளபளப்பான புத்தகம். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி, நான்கு வருடப் பொறியியல், எஸ்.பி.எம். போதும், இடம் தயார், 800 வெள்ளி பதிவுப் பணம் கட்டினால் மற்றதை அவரே பார்த்துக்கொள்வாராம். என் மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

காப்பாற்றியது மகளின் பழைய பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். "பன்னிரண்டு வருஷம் படிச்சிருக்கணுமே, இவ பதினொண்ணுதானே?" என்பது ஒன்று. "இந்தப் பட்டத்தோட திரும்பி வந்தா இங்க எஞ்சினியரா பதிவு செய்வாங்களா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஏஜென்டிடம் கேட்டபோது அவரிடமும் இல்லை. அந்த 800 வெள்ளி திரும்பி வரவில்லை. போனது அதோடு போயிற்று என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான்கு வருடமும் சேமநிதியும் சேர்ந்து போயிருக்கும்.

அந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தொடக்கப்பள்ளி ஆறு, இடைநிலைப்பள்ளி ஐந்து என்று எஸ்.பி.எம். வரை பதினொரு வருடம். இந்தியாவில் பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பைக் கேட்கிறார்கள். ஆகையால் எஸ்.பி.எம். முடித்த கையோடு புறப்பட முடியாது. ஆறாம் படிவமோ மெட்ரிகுலேசனோ அதற்கு ஈடான வேறொன்றோ வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ் தங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம்தானா என்பதையும் அங்கே பார்க்கிறார்கள். மகள் ஆறாம் படிவம் போனாள். அந்தத் தாமதம் எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் பெரிது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கு 'வாஷிங்டன் உடன்படிக்கை' என்று ஒன்று இருக்கிறது. மலேசியா 2009ஆம் ஆண்டிலும் இந்தியா 2014ஆம் ஆண்டிலும் அதில் முழு உறுப்பினர்களாயின. ஆனால் இந்தியா உறுப்பினர் என்பதற்காக அங்குள்ள எல்லாக் கல்லூரிகளின் எல்லாப் பட்டங்களும் அதில் அடங்கிவிடுவதில்லை. என்.பி.ஏ. என்ற இந்திய அமைப்பு 'முதல் அடுக்கு' என்று அங்கீகரித்த படிப்புகள் மட்டுமே அடங்கும். ஒரே கல்லூரியில் சிவில் இருக்கும், மற்றொரு துறை இருக்காது. அந்த அங்கீகாரத்துக்குக் காலவரையும் உண்டு. பட்டியல் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. மகள் கைத்தொலைபேசியில் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டாள். ஏஜென்ட் சொன்ன கல்லூரியின் பெயர் அதில் எங்குமே இல்லை. பிறகு பட்டியலில் இருந்த படிப்பாகத் தேடி, நம் பொறியாளர் வாரியத்துக்கும் எழுதிக் கேட்டு, கல்லூரிக்கு நேரே விண்ணப்பம் போட்டோம்.

மருத்துவம் என்றால் கதை வேறு. நம் மலேசிய மருத்துவ மன்றத்திடம்தான் கேட்க வேண்டும். இந்தியாவில் மருத்துவம் படிக்க வெளிநாட்டுப் பிள்ளையும் 'நீட்' தேர்வு எழுதியாக வேண்டும். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உபகாரச் சம்பளம் வெளிநாட்டு மாணவர்களுக்காகவே இருக்கிறது. மருத்துவத்துக்கு அது கிடையாது. நாங்களும் அதற்கு மனுப் போட்டோம், கிடைக்கவில்லை. போட்டதில் நட்டமும் இல்லை.

பணத்தைப் பற்றி நம்மவர்கள் பேசக் கூச்சப்படுகிறார்கள். நான் கூச்சப்படப் போவதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எங்கள் வீட்டுக்கு வரும் காசை நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டில் படிப்பவர்களுக்கு மட்டும்தான். ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் உயர்கல்விக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகளைப் பிரித்த பிறகு அது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வருகிறது. என் கணக்கில் எடுத்தோம். மனைவியின் கணக்கைத் தொடவில்லை. அவளுக்கு முதுமைக்கு அது ஒன்றுதான். துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் தந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வைத்த பங்கு இருந்தது. அதன் ஈவுத் தொகை பெரிதல்ல. ஆனாலும் மகளின் விமானச் சீட்டை 'தாத்தா சீட்டு' என்றுதான் வீட்டில் சொல்கிறோம்.

கல்லூரி வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை அமெரிக்க டாலரில் கேட்டது. உள்ளூர்ப் பிள்ளை கட்டுவதைவிட அது பல மடங்கு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 80 காசு கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் கட்டிய 2025 ஜூலையில் 4 வெள்ளி 25 காசு அளவில் இருந்தது. ஆயிரம் டாலருக்கு 550 வெள்ளி வித்தியாசம். கல்லூரி ஒரு காசு கூட்டாமலே கட்டணம் கூடும், குறையும். எனவே நான்கு வருடக் கணக்கையும் இன்றைய விலையில் போட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்று 2023 ஜூலையிலிருந்து விதி. அதைக் கேள்விப்பட்ட மகள், "நானும் அங்க பகுதி நேர வேலை பாத்துக்குவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்திய மாணவர் விசாவில் அப்படி வேலை செய்ய முடியாது. இது தெரிந்த அன்று என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள்.

தாள் விஷயத்தில் எங்களை அலைய வைத்தது மகளின் பெயர். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் பெயர், பிறகு 'ஏ/பி', பிறகு தகப்பன் பெயர் என்று ஒரே வரியில் இருக்கும். அங்கே எல்லாப் படிவத்திலும் முதற்பெயர் தனி, குடும்பப் பெயர் தனி. குடும்பப் பெயர் இல்லாத சனம் நாம். ஒரு படிவத்தில் என் பெயர் அவளுடைய குடும்பப் பெயரானது, இன்னொன்றில் 'ஏ/பி' என்பதே குடும்பப் பெயரானது, மூன்றாவதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளப் பெயரானது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வாரம் போயிற்று. முதல் படிவத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, எல்லா இடத்திலும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். பிறப்புப் பத்திரமும் எஸ்.பி.எம். சான்றிதழும் மலாய் மொழியில் இருப்பதால் அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை ஊரிலேயே முறையாகச் செய்து முத்திரை வாங்கிப் போவது நல்லது. சென்னையில் போய் மலாய் தெரிந்தவரைத் தேடுவது பெரும்பாடு.

சென்னையில் முதல் ஐந்து நாள் விடுதி அறை கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து லயத்துக்காரர் ஒருவரின் தூரத்து உறவினர் தாம்பரத்தில் இருந்தார். பெரிய மனசோடு வீட்டில் தங்கச் சொன்னார். அங்கேயும் சட்டம் வந்தது. வெளிநாட்டாரைத் தங்க வைப்பவர் 'சி' படிவம் என்று ஒன்றைக் காவல் துறைக்குக் கணினி வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "நம்ம பொண்ணு மாதிரி இருக்கு, இதுக்கு எதுக்குப்பா போலீசு?" என்றார். மகளும் வந்து பதினான்கு நாளுக்குள் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. அதுவும் கணினி வழிதான். கல்லூரியின் கடிதம் இல்லாமல் அது நடக்காது. கல்லூரியோ கடிதம் தர எட்டு நாள் எடுத்துக்கொண்டது. அந்த எட்டு நாளும் நான் விரல் விட்டு எண்ணினேன்.

மற்றபடி சென்னை எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில் 1931ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறதாம். குறைந்த கட்டணம் 5 ரூபாய். நான் போனபோது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 20 ரூபாய், ஆக 25 காசில் ரயில் பயணம்! பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. காலையில் ஏறுவதற்கு மட்டும் தைரியம் வேண்டும். ஜூலை வெயில் நம் ஊர் வெயில் போல இல்லை. மாலையில் மழை வந்து தணிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஊரே வெள்ளத்தில் கிடந்தது. அதனால் தரைத்தள அறை வேண்டாம் என்று தாம்பரத்து அம்மா சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தை எந்தக் கல்லூரிப் புத்தகத்திலும் இல்லை.

தமிழ் ஒன்றுதான், ஆனால் ஒன்றல்ல. மகள் கடையில் "சீனி கம்மியா ஒரு கோப்பி" என்றதும் கடைக்காரர், "சிலோனாம்மா?" என்று கேட்டார். விடுதியில் ஒரு பெண்ணிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் மற்றவர்களைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ சொல்லு, எவ்ளோ அழகா இருக்கு" என்றாளாம். நான் ஒரு கடையில் மறதியாக "அஞ்சு வெள்ளியா?" என்று கேட்க, கடைக்காரர் நாட்காட்டியைப் பார்த்தார். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அங்கே தமிழ் துணை நிற்கும் என்று நாங்கள் நினைத்தோம். சாப்பாட்டு வேளையில் நிற்கிறது, வகுப்பில் இல்லை.

பணம் கொடுப்பதில்தான் நான் உண்மையான வெளிநாட்டுக்காரன் ஆனேன். இளநீர் விற்கும் பாட்டி முதல் எல்லாரும் அட்டையில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். தொலைபேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. அதற்கான அந்நாட்டு வங்கிக் கணக்கோ தொலைபேசி எண்ணோ எங்களுக்கு இல்லை. எங்களிடம் 500 ரூபாய்த் தாள்கள். சில்லறை இல்லை என்று திருப்பினார்கள். மகளுக்குக் கணக்குத் திறக்கப் பதிவுக் காகிதமும் கல்லூரிக் கடிதமும் கேட்டார்கள். முதல் மூன்று வாரத்துக்குச் சிறு தாள்களாகக் கையில் வைத்திருப்பது அவசியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பக்கம் போனேன். அவள் சேர்ந்தது அது அல்ல. 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்று கேட்டதும் பார்க்க ஆசைப்பட்டாள். அங்கிருந்து கடற்கரைக்குப் போனோம். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன. முதல் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது என்று நான் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் சுண்டல் விற்ற பையன் நம்பவில்லை.

துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். எதிரே உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் இந்த ஊரைக் குண்டு வீசித் தாக்கியதன் நினைவு. அதே கப்பல்தான் ஒரு மாதம் கழித்து அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்தில் புகுந்தது. மகள் அந்தக் கல்லைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் வேலிக்கு அப்பால் தெரிந்த பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாத்தா எந்த இடத்தில் ஏறியிருப்பார் என்று யாரைக் கேட்பது?

அடுத்த நாள் நான் மட்டும் ஆவடிக்கு ரயில் ஏறினேன். இப்போது அங்கே ராணுவ வாகனத் தொழிற்சாலை. நிலையத்தில் ஒரு பெரியவரிடம், மலாயாவுக்கு ஆள் அனுப்பிய முகாம் எங்கே இருந்தது என்று விசாரித்தேன். "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

கிளம்பும் நாள் மகளின் விடுதி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. ஆண்களுக்கு அனுமதி இல்லையாம். வாசலிலேயே நின்று பேசினோம். மேசையில் ஒட்டி வைக்க ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தேன். விசா முடியும் தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி, அடுத்த கட்டணத் தேதி, தாம்பரத்து அம்மாவின் எண், நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தின் எண். அவள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பா, தாத்தாவோட தாத்தாவுக்கு யாரு இதெல்லாம் எழுதிக் குடுத்தா?" என்றாள். முறையைத் தப்பாகச் சொன்னாள். திருத்தலாம் என்று வாய் திறந்தேன், குரல் வரவில்லை.

அங்குள்ள நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நம் வீட்டில் இரவு எட்டு மணி, அவளுக்கு மாலை ஐந்தரை. வகுப்பு முடிந்து வந்து அப்போதுதான் அழைப்பாள். என் மனைவி ஏழே முக்காலுக்கே தொலைபேசியைத் துடைத்து மேசையில் வைத்துவிடுவாள். முதல் பருவத்தில் கணிதத்தில் ஒரு பாடம் தவறிவிட்டது, மறுபடியும் எழுத வேண்டும் என்று சென்ற வாரம் சொன்னாள். அதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். ரூபாயில்தானாம், டாலரில் இல்லையாம்.